முழங்காலுக்குள் முளைக்கும் சவ்வரிசி: நுண்துளை அறுவைச் சிகிச்சைக்கு ஆயத்தமாவது எப்படி

கோலாலம்பூர்ச் செந்தூலில் ஒரு கோயில் அன்னதானத்தில் சம்மணமிட்டுச் சாப்பிட்டு முடித்து, இலையை மடித்துவிட்டு எழ முயன்றபோது, என் இடது முழங்கால் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. வலி என்று சொல்வதைவிட, கதவிடுக்கில் கூழாங்கல் சிக்கியதைப் போன்ற ஒரு தடை என்று சொல்வதே சரியாக இருக்கும். தூணைப் பிடித்துக்கொண்டு காலை இப்படியும் அப்படியும் அசைத்ததில் உள்ளே ஏதோ ஒன்று ‘டக்’கென்று நழுவியது; கால் நேரானது; நானும் ஒன்றும் நடவாதவன்போல் கைகழுவப் போனேன். அந்தக் கூழாங்கல்லுக்குச் சைனோவியல் காண்ட்ரோமடோசிஸ் என்று ஒரு நீண்ட பெயர் உண்டு என்பதையும், அதை எடுக்க மூட்டைப் பிளக்க வேண்டியதில்லை, சில துளைகளே போதும் என்பதையும் நான் அறிய அதன்பின் இரண்டு ஆண்டுகள் ஆயின.

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இந்த நோய்க்கு ஆர்த்ரோஸ்கோப்பி எனப்படும் நுண்துளைச் சிகிச்சை செய்துகொள்ளப் போகிறவர்களுக்கும், அவர்களை அழைத்துச் செல்லப்போகும் வீட்டாருக்கும் உதவும் என்று எண்ணி இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன், தமிழ்ப்பள்ளி ஆசிரியன். ஆகவே மருந்தின் அளவையும் பயிற்சியின் கணக்கையும் உங்கள் மருத்துவரே சொல்லட்டும். அவரிடம் எதைக் கேட்க வேண்டும், எதைக் கொண்டுபோக வேண்டும், வீட்டில் எதைச் செய்ய வேண்டும் என்பவற்றை மட்டும் நான் சொல்கிறேன். துளை சிறியது என்று கேட்டவுடன் சிகிச்சையும் சிறியது என்று எண்ணி அசட்டையாக இருந்ததுதான் நான் செய்த தவறு.

மூட்டுக்குள் நடப்பது என்ன

முழங்கால் மூட்டைச் சுற்றி உட்புறமாக ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. மூட்டு உராயாமல் அசைவதற்கான வழவழப்பான நீரைச் சுரப்பது அதன் வேலை. இந்த நோயில் அச்சவ்வின் சில பகுதிகள் தம் வேலையை மறந்து குருத்தெலும்பை உண்டாக்கத் தொடங்குகின்றன. சவ்வில் முளைத்த சிறு உருண்டைகள் காம்பறுந்து மூட்டுநீரில் விழுந்து அலைகின்றன. விழுந்தபின் அவை வாடிப்போவதில்லை. மூட்டுநீரிலிருந்தே ஊட்டம் பெற்று மேலும் வளர்கின்றன. காலப்போக்கில் பலவற்றில் சுண்ணம் ஏறி, சில எலும்பாகவே இறுகிவிடுகின்றன. எழும்போது என் காலைப் பூட்டியது இப்படி அலைந்த ஓர் உருண்டைதான்.

முப்பது வயதிலிருந்து ஐம்பதுகள் வரை உள்ளவர்களையே இது பெரும்பாலும் தாக்குகிறது. பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முழங்காலில் காணப்படுகிறது. இடுப்பு, தோள், முழங்கை, கணுக்கால் ஆகியவை அதற்கு அடுத்து வருகின்றன. இது புற்றுநோய் அன்று. அது புற்றாக மாறுவது மிக அரிது என்றாலும், அந்த அரிய வாய்ப்பை முன்னிட்டே எடுத்த துணுக்குகளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். மூட்டுத் தேய்மானத்தாலோ பழைய அடியாலோ உதிர்ந்த துணுக்குகளும் மூட்டுக்குள் அலைவதுண்டு. அவை எண்ணிக்கையில் குறைவாகவும் அளவில் ஒன்றுக்கொன்று வேறுபட்டும் இருக்கும். அதை இரண்டாம் வகை என்பார்கள். அதற்குரிய மருத்துவம் வேறு திசையில் போகும்.

மில்கிராம் என்ற மருத்துவர் 1977ஆம் ஆண்டில் இந்நோயை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். முதற்கட்டத்தில் சவ்வுக்குள் முளைகள் உண்டு, அலையும் துணுக்குகள் இல்லை. இரண்டாவதில் இரண்டும் உண்டு. மூன்றாவதில் சவ்வு அடங்கிவிட்டது, துணுக்குகள் மட்டும் எஞ்சியுள்ளன. சவ்வையும் சேர்த்து எடுக்க வேண்டுமா என்ற கேள்விக்குரிய விடை பெரும்பாலும் இந்தப் பிரிவிலிருந்தே தொடங்குவதால், நோயாளியும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பெயரைக் கண்டுபிடிப்பதற்குள்

வீக்கம் வந்து வந்து போகும். ஒரு வாரம் நன்றாக இருக்கும். மறுவாரம் படியிறங்கும்போது கால் பூட்டிக்கொள்ளும். என்னைப் பார்த்த முதல் கிளினிக்கில் இதைக் கௌட் என்னும் மூட்டுவாதம் என்று சொல்லி யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தந்தார்கள். கோழிக்கல்லீரலையும் நெத்திலியையும் பல மாதம் விட்டுப் பார்த்தேன். பிறகு உருட் எனப்படும் மலாய் நீவுமுறை வைத்தியர் ஒருவர் எண்ணெய் தேய்த்து நரம்பு இழுத்தார். அந்த வாரம் முழங்கால் பப்பாளிபோல் வீங்கியது. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, ஆனால் ஒரேயொரு எக்ஸ்ரே அந்த மாதங்களை மிச்சப்படுத்தியிருக்கும். மூட்டு பூட்டிக்கொள்வதும் உள்ளே ஏதோ நகர்வதும் கௌட்டின் குணம் அன்று என்பதை இப்போது எவரிடமும் சொல்வேன்.

எக்ஸ்ரேயில் ஒரு பொறி உள்ளது. சுண்ணம் ஏறிய துணுக்குகள் மட்டுமே அதில் வெண்புள்ளிகளாகத் தெரியும். வெறும் குருத்தெலும்பாக இருப்பவை தெரியமாட்டா. ஆகவே எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது என்று சொல்லப்பட்டும் கால் தொடர்ந்து பூட்டிக்கொண்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சவ்வு எங்கெங்கே தடித்திருக்கிறது, முழங்காலின் பின்னறையில் ஏதேனும் ஒளிந்திருக்கிறதா என்பதை அதுதான் காட்டும். பின்னறையைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். இந்தச் சிகிச்சையின் சூட்சுமமே அங்குதான் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. படம், சவ்வில் இரத்தக்கறை படிந்து தடிக்கும் வேறொரு தீங்கற்ற நோயையும் இதிலிருந்து பிரித்துக்காட்ட உதவும்.

படங்களைக் குறுந்தட்டில் பதிந்து தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. அறுவை நிபுணர் தம் கண்ணால் படத்தைப் பார்க்க விரும்புவார்; இல்லையெனில் மறுபடியும் எடுக்கச் சொல்வார், அதற்கு மீண்டும் பணம் அல்லது மீண்டும் காத்திருப்பு.

எங்கே போவது, எவ்வளவு ஆகும்

அரசாங்க வழியில் போவதென்றால் முதலில் வட்டாரச் சுகாதாரக் கிளினிக்குக்குச் சென்று பரிந்துரைக் கடிதம், அதாவது நாம் எல்லாரும் சொல்லும் ‘சூராட் ருஜுக்கான்’ பெற வேண்டும். குடிமக்களுக்குக் கிளினிக்கில் 1 ரிங்கிட், நிபுணர் பிரிவில் 5 ரிங்கிட் என்பதே பல ஆண்டுகளாக இருந்துவரும் கட்டணம். தலைநகரில் ஜாலான் பகாங்கில் உள்ள கோலாலம்பூர் மருத்துவமனையிலும், பினாங்கில் ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனையிலும் எலும்பியல் பிரிவுகள் உண்டு. பி.பி.யு.எம். என்று நாம் அழைக்கும் மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையம் சுகாதார அமைச்சின் கீழ் இல்லாமல் உயர்கல்வி அமைச்சின் கீழ் இயங்குவதால், அங்கே கட்டணப் பட்டியல் சற்று மாறுபடும். கேட்டுக்கொண்டு செல்வது நல்லது. உயிருக்கு ஆபத்தான நோய் அல்லாததால் அரசாங்க வரிசையில் எம்.ஆர்.ஐ.க்கும் அறுவைக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். கால் பூட்டிக்கொண்டு திறக்கவே இல்லையென்றால் அது வேறு. தேதிக்காகக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கே செல்ல வேண்டும்.

தனியார் மருத்துவமனையில் மருத்துவரின் தொழிற்கட்டணத்துக்கு 2006ஆம் ஆண்டின் தனியார் மருத்துவமனை விதிகள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன; ஆனால் அறுவைக்கூடம், கருவிகள், மருந்து, அறை ஆகியவை தனி. ஆர்த்ரோஸ்கோப்பியில் சவ்வைச் சீவி எடுக்க ஒருமுறை பயன்படுத்தி எறியும் சவரமுனைகளுக்கே கணிசமான தொகை வரும். ஆகவே மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். அதில் துளைவழிச் சிகிச்சை மட்டுமா, தேவைப்பட்டால் திறந்து செய்வதற்கும் சேர்த்தா என்பதையும் கேளுங்கள்.

மருத்துவக் கார்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டுக் காப்புறுதிப் பத்திரங்களில் ‘குறிப்பிட்ட நோய்கள்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அந்த நோய்களுக்குப் பத்திரம் தொடங்கி 120 நாள் கடக்க வேண்டும். முழங்கால் கோளாறுகள் வழக்கமாக அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருக்கும். வீக்கம் தொடங்கியபின் அவசரமாகப் பத்திரம் எடுத்தால், முன்பே இருந்த நோய் என்று நிராகரிக்கவும் வாய்ப்பு உண்டு. காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் வருவதற்கு முன் அறுவைக்குத் தேதி உறுதி செய்யாதீர்கள்.

மருத்துவர் தனித்துறை நிபுணராகப் பதிவு பெற்றவரா என்பதை மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். எலும்பியல் நிபுணர் என்பதோடு நிற்காமல், விளையாட்டுக் காயம், ஆர்த்ரோஸ்கோப்பி ஆகியவற்றில் நாள்தோறும் கை பழகியவரா என்பதையும் விசாரியுங்கள். இது அரிய நோய். ஆண்டுக்கு நூறு பேரைப் பார்த்தவர் என்று எவரும் கிடைக்கமாட்டார். ஆனால் முழங்காலின் பின்பக்கத்துக்குள் துளைவழி நுழைந்து பழகியவர் கிடைப்பார்.

அறுவைக்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

என் நிபுணர் ஒரு தாளில் முழங்காலை வரைந்து காட்டிய பிறகுதான் எனக்கு விளங்கியது. முழங்கால் ஒரே அறை அன்று. நம் பழைய வரிசை வீடுகளைப்போல முன்கூடம், இரு பக்க அறைகள், ஒடுங்கிய இடைவழி, பின்கட்டு என்று நீள்வது. கண்ணைப்போலச் செயல்படும் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய், முழங்கால் சில்லுக்குக் கீழே இரு பக்கமும் போடும் துளைகள் வழியாக முன்கூடத்தை எளிதாகப் பார்த்துவிடும். பின்கட்டுக்குப் போக வேண்டுமானால் பின்புறமாக வேறு துளைகள் வேண்டும். அங்கேதான் காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனி மூட்டுறையை ஒட்டி ஓடுகிறது. பக்கவாட்டில் பாதத்தைத் தூக்கும் நரம்பு செல்கிறது. சுருக்கமாகச் சொன்னால், நோயின் துணுக்குகள் ஒளிய விரும்பும் இடமும் மருத்துவர் அஞ்ச வேண்டிய இடமும் ஒன்றே.

முன்கூடத்தை மட்டும் பெருக்கிவிட்டுப் பின்கட்டை விட்டுவிட்டால், சில மாதங்களில் கால் மீண்டும் பூட்டிக்கொள்ளும். நாம் அதை நோய் திரும்பியது என்று சொல்வோம், உண்மையில் அது போகவே இல்லை. எனவே முதல் கேள்வி: ‘பின்னறையையும் பார்ப்பீர்களா, அதற்குத் தனித் துளை இடுவீர்களா?’ எம்.ஆர்.ஐ. படத்தை விரித்துவைத்துக்கொண்டே இதைக் கேளுங்கள்.

இரண்டாவது, சவ்வை எடுப்பீர்களா என்பது. இதில் நிபுணர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சவ்வில் நோய் இன்னும் முளைத்துக்கொண்டிருந்தால் அதையும் சுரண்டி எடுத்தால்தான் திரும்ப வருவது குறையும் என்பது பெரும்பாலோர் நிலை. அது அடங்கிவிட்டால் துணுக்குகளை மட்டும் எடுத்தால் போதும் என்பர். சவ்வை எடுத்தால் வீக்கமும் இரத்தக்கசிவும் கூடும், மீண்டெழும் காலமும் நீளும். ஆகவே இந்த விடையைப் பொறுத்தே நீங்கள் விடுப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். நான் இதைக் கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் வகுப்புக்குத் திரும்பிவிடலாம் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, ஆறாவது வாரத்தில்தான் திரும்பினேன்.

மூன்றாவது, துளைவழி முடியாமற்போனால் என்ன செய்வீர்கள் என்பது. துணுக்கு பெரிதாக இருந்தால் ஒரு துளையைச் சற்று அகலப்படுத்துவார்கள்; பின்கட்டு நிறைந்து கிடந்தால் அங்கே மட்டும் திறந்து செய்யும் கலப்பு முறையும் உண்டு. அதற்கான ஒப்புதலை மயங்கியபின் உங்களிடம் பெற முடியாது; முன்பே கையெழுத்திடும் தாளில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் படிவம் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். வீட்டில் மூத்தவர்களுக்காகப் போகிறவர்கள் அதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிக் காட்டியபின் கையெழுத்து வாங்குங்கள்.

எடுத்த துணுக்குகளையும் சவ்வையும் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்பது நான்காவது. அனுப்பாமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

இடுப்பிலோ தோளிலோ நோய் உள்ளவர்களுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். இடுப்பில் மட்டும் காலை இழுத்துப் பிடித்து மூட்டை விலக்கித்தான் கருவியை நுழைக்க முடியும் என்பதால், அதைச் செய்வோர் இன்னும் குறைவு.

முந்தைய வாரங்கள்

நம்மவர் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடு அரிது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறுவது தாமதமாகும், கிருமித்தொற்றும் எளிதாகும். ஆகவே தேதி வாங்கியவுடன் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீரிழிவு மாத்திரைகளில் எம்பாகிளிஃபுளோசின், டாபாகிளிஃபுளோசின் போன்றவற்றை அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எடை குறைக்கவும் சர்க்கரைக்கும் போடும் வார ஊசி இருந்தால் அதையும் மயக்க மருந்து நிபுணரிடம் மறைக்காதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது. நாட்டு மருந்து, மஞ்சள் மாத்திரை, மீன் எண்ணெய், நேரடி விற்பனையில் வாங்கிய சத்துமாவு என எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மேசையில் கொட்டிவிடுவதே எளிய வழி.

தொடையின் முன்தசையை முன்கூட்டியே வலுப்படுத்திக்கொள்வது பின்னால் பெரிதும் உதவும். அறுவைக்கு முன்பே ஊன்றுகோலில் நடந்து பழகிக்கொள்ளுங்கள். வலியோடு பழகுவதைவிட வலியின்றிப் பழகுவது சுலபம். வீட்டில் குந்தும் கழிப்பறை மட்டும் இருந்தால் மேலே வைக்கும் நாற்காலி ஒன்றை வாங்கி வையுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் மின்தூக்கி வேலை செய்கிறதா என்று பார்ப்பதோடு, பழுதானால் யார் வீட்டில் தங்குவது என்றும் முடிவு செய்துவைக்க வேண்டும். இது வேடிக்கையன்று, எங்கள் அடுக்குமாடியில் இரண்டு மின்தூக்கிகளும் ஒரே நேரத்தில் நின்ற வாரம் ஒன்று உண்டு.

தைப்பூசத்தை ஒட்டித் தேதி கிடைத்தால் நேர்த்திக்கடனை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவையுங்கள். பத்துமலையில் 272 படிகள், பினாங்குத் தண்ணீர்மலையில் 513 படிகள். புதிதாகத் தைத்த முழங்காலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அறுவை நாள்

திட உணவை ஆறு மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் பொதுவாக இரண்டு மணி நேரம் முன்வரை அனுமதிக்கப்படும். தே தாரிக் தண்ணீர்க் கணக்கில் சேராது. பால் கலந்த எதுவும் உணவே. என் பக்கத்துக் கட்டில்காரர் விடியற்காலையில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு உண்மையைச் சொன்னதால் அவரது அறுவை பிற்பகலுக்குத் தள்ளிப்போனது. சொன்னது நல்லதாயிற்று, மயக்கத்தில் வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் இறங்கினால் ஆபத்து.

எந்தக் கால் என்று உங்கள் தோலில் மையால் குறிப்பார்கள். மறந்துவிட்டால் நீங்களே கேளுங்கள். முழு மயக்கமோ முதுகில் ஊசிபோட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதோ, இரண்டில் ஒன்று நடக்கும். தொடையில் ஒரு காற்றுப்பட்டையைக் கட்டி இரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, உப்புநீரை உள்ளே செலுத்தி மூட்டை விரியச் செய்கிறார்கள். பட்டையை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு மேல் இறுக்கி வைப்பதில்லை. அறுவை மருத்துவர் அவ்வப்போது கடிகாரத்தைப் பார்ப்பது அதனால்தான். சிறு துணுக்குகள் உப்புநீரோடு குழாய் வழியே வெளியேறும். பெரியவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். பிடிக்கப் போனால் அவை நீரில் மீன்குஞ்சுபோல் வழுக்கி ஓடும் என்று என் நிபுணர் பிறகு சொன்னார். நோயுள்ள சவ்வைச் சுழலும் சவரமுனையால் சீவி எடுக்கிறார்கள்.

இந்தக் குழாயின் கதையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1918ஆம் ஆண்டில் தோக்கியோவில் கென்ஜி தகாகி என்ற மருத்துவர் சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை ஒரு சடலத்தின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்ததுதான் தொடக்கம்; அவர் வழிவந்த மசாக்கி வத்தனாபே 1955ஆம் ஆண்டில் அவ்வகைக் கருவியைக்கொண்டு முழங்காலிலிருந்து தீங்கற்ற ஒரு கட்டியையே எடுத்தார்.

கண் விழித்தபின் எனக்கு ஒரு படத்தைக் காட்டினார்கள். எஃகுத் தட்டில் வெண்ணிறமாகப் பளபளத்துக் கிடந்தன. பல, வெந்த சவ்வரிசி அளவு. சில, கச்சாங் பூத்தே கடையில் அவித்து விற்கும் கொண்டைக்கடலை அளவு. ஒன்று மட்டும் மொச்சைக்கொட்டையைவிடப் பெரியது, அதற்காக ஒரு துளையை அகலப்படுத்த நேர்ந்தது. ஒன்றோடொன்று உரசி உரசி அவற்றின் பக்கங்கள் தட்டையாகி இருந்தன. நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. படத்தைப் பார்த்த என் அம்மா, “முட்டிக்குள்ளேயே பாயசம் காய்ச்சி வெச்சிருந்தியாடா?” என்றார்.

வீடு திரும்பியபின்

முதல் இரண்டு நாள் காலை இதயத்துக்கு மேலே உயர்த்தி வையுங்கள். தலையணையை முழங்காலுக்கு அடியில் வைப்பதுதான் எல்லாரும் செய்வது, சுகமாகவும் இருக்கும். ஆனால் கால் சற்று மடங்கியபடியே விறைத்துப்போகும். குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்கால் தன் எடையால் நேராகும்படி விடுங்கள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுக்கலாம். தோலின்மேல் நேரடியாக வைக்க வேண்டாம். ஒரு மணிக்கு ஒருமுறையாவது பாதத்தை மேலும் கீழுமாக மிதிப்பதுபோல் அசைப்பது கெண்டைக்காலில் இரத்தம் கட்டாமல் காக்கும்.

பயிற்சிகளில் முதலாவது மிகச் சிறியது. காலை நீட்டி, முழங்காலின் பின்புறத்தால் மெத்தையை அழுத்துங்கள். தொடையின் முன்தசை இறுகுவது கைக்குத் தெரியும். ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். முதல் நாள் என் தசை எனக்குக் கட்டுப்படவே இல்லை. மூளை ஆணையிடுகிறது, தொடை கேளாததுபோல் கிடக்கிறது. வீக்கம் உள்ள முழங்கால் அந்தத் தசையைத் தானாகவே அணைத்துவிடும் என்று பிசியோதெரபி செய்யும் பெண் விளக்கினார். மடக்கும் பயிற்சியை நான் வலிக்கு அஞ்சித் தள்ளிப்போட்டு வந்தேன். இரண்டாம் வாரம் கோணத்தை அளந்து பார்த்தவர், “ஐயா, காலைப் பத்திரமா வெச்சிருக்கேன்னு பூட்டியே வெச்சிருக்கீங்க,” என்றார். துணுக்கு பூட்டியதை மருத்துவர் திறந்துவிட்டார். நான் பூட்டியதை நானே திறக்க மேலும் நான்கு வாரம் ஆயிற்று. சவ்வையும் எடுத்தவர்களுக்கு மூட்டு விறைப்பு கூடுதலாக வரும் என்பதால், வலிமருந்தைப் பயிற்சிக்கு அரைமணி நேரம் முன் எடுத்துக்கொண்டு, நாள் தவறாமல் மடக்கி நீட்டுவதுதான் வழி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்த வலிமருந்து என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

படியில் ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னே. ஒற்றை ஊன்றுகோலுக்கு மாறியபின் அதை நல்ல காலின் பக்கம் பிடியுங்கள். அறுவை செய்த காலின் பக்கம் பிடிப்பதுதான் நமக்கு இயல்பாக வரும், அது தவறு. கிராப் வண்டியில் முன்னிருக்கையைப் பின்னுக்குத் தள்ளி அமர்ந்தால் காலை நீட்ட இடமிருக்கும்.

தையல் பிரிக்கும் 10 முதல் 14 நாள்வரை புண்ணில் ஈரம் படக்கூடாது. எண்ணெய்க் குளியல் வேண்டாம். நம் வீடுகளில் அன்பு மிகுந்த எவரேனும் கெண்டைக்காலைப் பிடித்துவிட வருவார்கள். பணிவோடு மறுத்துவிடுங்கள், உள்ளே இரத்தக்கட்டி இருந்தால் அமுக்குவது அதை நகர்த்திவிடக்கூடும். ஒரு காலின் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும், காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினாலும், துளையிலிருந்து சீழ் வடிந்தாலும், பாதம் மரத்து மேலே தூக்க முடியாமற்போனாலும் மறுநாள்வரை பொறுக்காமல் மருத்துவமனைக்குத் திரும்புங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 999.

இடக்கால் அறுவையென்றால் தானியங்கிக் கார் ஓட்டுவது விரைவில் கைகூடும். வலக்கால் என்றால் திடீரென்று பிரேக் மிதிக்க முடிகிறதா என்பதே அளவுகோல். மோட்டார் சைக்கிளில் இடக்கால் கியருக்கும் வலக்கால் பிரேக்குக்கும் வேண்டியிருப்பதால் எந்தக் காலானாலும் பொறுத்திருங்கள். மேசை வேலைக்கு ஓரிரு வாரம், சவ்வையும் எடுத்தவர்களுக்கு இன்னும் அதிகம். சுமை தூக்கும் வேலைக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். தனியார் துறையினர் அறிய வேண்டியது, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி மருத்துவமனையில் தங்க வேண்டிய நிலைக்கு 60 நாள்வரை ஊதியத்துடன் விடுப்பு உண்டு. 2023ஆம் ஆண்டிலிருந்து அது எம்.சி. எனப்படும் வழக்கமான மருத்துவ விடுப்பு நாள்களிலிருந்து கழிக்கப்படுவதில்லை. எம்.சி. தாளை எழுதும்போதே வேலையின் தன்மையை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ‘ஆசிரியர்’ என்று மட்டும் எழுதினால், நாள்முழுதும் நிற்பவன் என்பது எவருக்கும் தெரியாது.

திரும்ப வருமா

வரலாம். நூற்றில் 3 முதல் 23 பேர்வரை திரும்ப வந்ததாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அந்த இடைவெளி இவ்வளவு அகன்றிருப்பதற்கு, நோயின் கட்டமும் பின்கட்டு எவ்வளவு துப்புரவாயிற்று என்பதும் நோயாளிக்கு நோயாளி மாறுவது ஒரு காரணம். பரிசோதனைக் கூட அறிக்கை வந்தவுடன் அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்; அறுவைக் குறிப்பின் நகலையும் கேளுங்கள், எந்தெந்த அறைகளுக்குள் போனார்கள் என்பது அதில்தான் எழுதப்பட்டிருக்கும். மருத்துவர் சொன்ன இடைவெளியில் படம் எடுத்துப் பார்ப்பதை, கால் நன்றாக இருக்கிறது என்பதற்காக விட்டுவிடாதீர்கள். வீக்கம் விரைந்து பெருகினாலோ, இரவில் ஓயாத வலி தொடங்கினாலோ அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

என் குறுந்தட்டுகள் மூன்றும் அறிக்கைகளும் ஒரு பிளாஸ்டிக் உறையில் பிறப்புப் பத்திரத்தோடு அலமாரியில் இருக்கின்றன. அடுத்த படத்துக்குத் தேதி ஆகஸ்டு மாதம். அன்னதானத்தில் இப்போதும் தரையில்தான் அமர்கிறேன். எழும்போது மட்டும் தூணுக்குப் பக்கத்தில் இடம் பார்த்துக்கொள்கிறேன்.